இடது கைக்கு எட்டுகிற தூரம்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் இன்னும் வரவில்லை. ஸ்பூனில் சாப்பிடப் பழகினார், இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார். லேப்டாப்பை மட்டும் நான்கு மாதமாகத் தொடவே இல்லை.

'அதான் செல்போன் இருக்கே' என்பீர்கள். ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு அதே கையின் கட்டைவிரலால் தொட்டுப் பாருங்கள். 72 வயதில் அது சர்க்கஸ். மேஜையில் அசையாமல் இருக்கும் லேப்டாப்தான் அவருக்குத் தோது. ஆனால் மவுஸை இடது கையால் பிடித்தால் அம்புக்குறி ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறது. "எழுத்தைப் பெரிசு பண்ணக்கூட ஆளைக் கூப்பிடணும்மா. வேணாம் விடு" என்றுவிட்டார். பேப்பர் படிப்பது, பென்ஷன் கணக்குப் பார்ப்பது, ரயில் நேரம் தேடுவது என்று எல்லாமே அந்த 'வேணாம் விடு'வோடு நின்றுபோனது.

இத்தனைக்கும் அப்பா டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். இடது கைக்கு ஏ எஸ் டி எஃப், வலது கைக்குச் செமிகோலன் எல் கே ஜே என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். அதனால் மவுஸை ஒதுக்கிவிட்டு, கீபோர்டில் அவருக்கு மிச்சமிருக்கும் பாதியை வைத்து என்னென்ன செய்யலாம் என்று பார்த்தேன்.

ஆச்சரியம், பாதி வேலை ஏற்கெனவே இடது பக்கம்தான் இருக்கிறது. கன்ட்ரோலோடு டி தட்டினால் புதிய டேப், டபிள்யூ தட்டினால் டேப் மூடும், எஃப் என்றால் பக்கத்துக்குள் தேடலாம். தெரியாமல் மூடிய டேப்பைத் திரும்பக் கொண்டுவரும் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றும் இடது கைக்குள்ளேயே. முகவரிக் கட்டத்துக்குப் போக எல்லோரும் கன்ட்ரோல் எல் என்று சொல்லித்தருவார்கள். அது வலது பக்கம். விண்டோஸில் ஆல்ட்டோடு டி தட்டினாலும் அதே இடத்துக்குப் போகும். இது பலருக்குத் தெரியாது.

இரண்டு விசையைச் சேர்த்து அழுத்துவதும் சிரமம் என்றால் அதற்கும் விண்டோஸில் வழி உண்டு. ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா' என்று ஒரு பெட்டி வரும். கேம் விளையாடும் பிள்ளைகள் திட்டிக்கொண்டே மூடும் அதே பெட்டிதான்! 'ஆம்' என்றால், முதலில் கன்ட்ரோல், கையை எடுத்துவிட்டுப் பிறகு டி என்று ஒவ்வொன்றாகத் தட்டினாலும் சேர்த்துத் தட்டியதாக எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வீட்டில் வேறு யாராவது இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் இந்த வசதி அணைந்துவிடலாம். அப்படி அணையாமல் இருக்க அமைப்புகளில் ஒரு டிக்கை எடுத்துவிட வேண்டும்.

மிச்சம் இருந்தது வலதுபக்க ஆசாமிகள். அப்பாவுக்குத் தினமும் வேண்டியவை மூன்றே மூன்று: எழுத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க, முந்தைய பக்கத்துக்குப் போக. பெரிதாக்க கன்ட்ரோலோடு பிளஸ், அது மேலே வலது கோடியில். திரும்பிப் போக ஆல்ட்டோடு இடது அம்பு, அது கீழே வலது கோடியில்.

குரோமில் இவற்றை மாற்ற முடியாது. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அது நாம் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும். பிரவுசரின் சொந்த விசைகளை அது தொடாது. உலகம் முழுக்க உபயோகிக்கும் ஒரு பிரவுசர், எல்லோருக்கும் இரண்டு கை என்று முடிவு செய்துகொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

விவால்டியில் மாற்றலாம். ஓபரா பிரவுசரை உருவாக்கியவர்களில் ஒருவர் பிறகு ஆரம்பித்த பிரவுசர் அது, 2016-ல் வெளிவந்தது. இலவசம்தான். செட்டிங்ஸில் 'கீபோர்டு' என்ற பகுதிக்குப் போனால் அதன் வேலைகளெல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டியதன் எதிரே இருக்கும் கட்டத்தில் நமக்குப் பிடித்த விசைகளைத் தட்டினால் போதும். அந்த விசைக்கு ஏற்கெனவே வேறு வேலை இருந்தால் அதை விட்டுத்தர வேண்டும், அவ்வளவுதான். கன்ட்ரோல் 1, கன்ட்ரோல் 2 இரண்டும் முதல் டேப், இரண்டாம் டேப் என்று தாவுவதற்கு இருந்தன. அப்பா அப்படித் தாவுகிற ஆள் இல்லை. 1 சிறிதாக்க, 2 பெரிதாக்க என்று வைத்தோம். முந்தைய பக்கத்துக்கு ஆல்ட்டோடு இசட்.

ஒற்றை விசையே போதும் என்று வைக்கவும் அதில் வசதி இருக்கிறது. அது வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முன்பெல்லாம் குரோமில் பேக்ஸ்பேஸைத் தட்டினாலே முந்தைய பக்கம் போய்விடும், நினைவிருக்கிறதா? எழுத்தை அழிப்பதாக நினைத்துத் தட்டி, பாதி நிரப்பிய விண்ணப்பத்தைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். 2016-ல்தான் அதை எடுத்தார்கள். பென்ஷன் படிவத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

காப்பி, பேஸ்ட், புதிய டேப் இவற்றில் நான் கை வைக்கவில்லை. வெளியே எங்கே போய் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அவை அப்படியேதான் இருக்கும். அவர் கைப்பழக்கம் அங்கேயும் உதவட்டும்.

இணையத்தில் 'தெரிந்துகொள்ள வேண்டிய 50 ஷார்ட்கட்' என்று அடிக்கடி வரும். படித்து முடிப்பதற்குள் முதல் பத்து மறந்துவிடும். அப்பா மாற்றியது மூன்று. முதல் வாரம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். அடுத்த வாரம் சீட்டைக் காணோம். "விரலுக்கு வந்துடுச்சும்மா" என்றார்.

என் பையனுக்குத்தான் தொல்லை. தாத்தா லேப்டாப்பில் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் 1 தட்டுவான், எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். இருவருக்கும் பிரவுசரில் தனித்தனிப் புரொஃபைல் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அமைப்புகள் தனி. அப்படியும் சோம்பல்பட்டு அவருடையதையே திறந்தான்.

"டேய், இது என் விரலுக்குத் தைச்ச சட்டைடா. நீ உன்னோடதுல போய் உக்காரு" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.