அடியெடுத்துக் கொடுப்போம்

திண்டிவனத்தில் நமது அடுத்த வீட்டு மூதாட்டியார் காலையில் உண்டதை மறந்தார். பின்னர், பெற்ற மகனின் பெயரையே மறந்தார். ‘கிரகக் கோளாறு’ என்றனர் சிலர். தாயத்துக் கட்டினர் சிலர். கயிறு கறுத்தது, மறதியோ வளர்ந்தது!

கோளிலே இல்லை கோளாறு, மூளையிலே இருக்கிறது. இத்தகைய நோயொன்றை ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-லேயே எடுத்துரைத்தார்.

மறந்தவை எல்லாம் அழிந்தவையா? விழுப்புரத்தில் நாம் பாடம் நடத்தும் வகுப்பிலே, செய்யுளை மறந்து விழிக்கும் மாணவன், முதற்சீரைச் சொன்னதும் முழுவதையும் ஒப்பிக்கக் காண்கிறோம். மூளை பழுதுற்று நினைவிழந்தோரிடமும் இதனையொத்த நிலையை 1970-ல் வாரிங்டன், வைஸ்கிராண்ட்ஸ் எனும் அறிஞர் இருவர் கண்டனர். படித்த சொற்களைக் கூறுமாறு கேட்டபோது திகைத்தவர்கள், முதலெழுத்துகளைக் காட்டியதும் அச்சொற்களையே கூறினர்! நோய் முற்றிய நிலையில் இத்துணையும் பயன் தராது போகலாம். ஆயினும், ‘நான் யார், சொல் பார்ப்போம்’ என்று முதியோரைத் தேர்வெழுத வைப்பது முறையா? நம் பெயரை நாமே சொல்லி அருகில் அமர்வதன்றோ அன்பு!

தைராய்டுக் குறைவாலும், பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும் வரும் மறதி, காலத்தே மருத்துவம் செய்தால் தணியக்கூடும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மந்திரவாதியின் வாயிலில் கழியும் ஒவ்வொரு திங்களும், மீட்கத்தக்க நினைவை நாமே பறிகொடுக்கும் திங்களாகும்.