ஓட்டை வைத்த பக்கம்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஷெட் இருக்கிறது. அப்பா காலத்தில் அது மாட்டுக்கொட்டகை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கூரையை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டோம். அதற்குள் ஒரு டிரம் செட் வைத்து அடிக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயது, கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்குக்கூட இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஆசைக்கு அடிக்கிறேன், அதில் தப்பொன்றும் இல்லை.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஒரு நாள் சுவரோரம் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: “அண்ணே, நைட் ஷிஃப்ட் வாரத்துல மட்டும் மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்குங்கண்ணே.”

நான் சட்டம் படித்து வைத்திருந்தேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. “பத்து மணிக்கு மேல நான் குச்சியத் தொடுறதே இல்லையே, தம்பி” என்றேன். அவருக்கு ராத்திரி காலை ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது என்பது தெரிந்தேதான் சொன்னேன். அதே விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்றும் ஒரு வரம்பு இருக்கிறது. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. என் ஸ்நேர் டிரம் மட்டுமே நூறைத் தாண்டும்.

ஆனாலும் மனசு உறுத்தியது. ஷெட்டின் உள்சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன். அதற்கு மேல் தெர்மாகோல், கதவுக்குப் பழைய தேங்காய்நார் மெத்தை, தரைக்குக் கார்ப்பெட். உட்கார்ந்து அடித்தால் அற்புதமாக இருந்தது. எதிரொலி அடங்கி, சிம்பல் தனியாக, ஹை-ஹாட் தனியாகக் கேட்டது. பக்கத்து வீட்டாரிடம் போய், “சவுண்ட் ப்ரூஃப் பண்ணிட்டேன் தம்பி, பதினெட்டாயிரம் ஆயிடுச்சு” என்றேன். அந்தத் தொகையைக் கேட்டபின் அவரால் என்ன பேச முடியும்? மறு வாரம் பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தில் பாதியை அறுத்துக் கொடுத்தனுப்பினார். நாங்களும் சாப்பிட்டோம்.

முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போகாமல் இருக்க எடை வேண்டும். சுவரின் எடையை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல்தான் குறையும். முட்டை அட்டைக்கு ஏது எடை? மெல்லிய கூரை ஷீட்டும் அப்படித்தான். பாஸ் டிரம்மின் அதிர்வோ தரை வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். டிரம் செட்டை ரப்பர் மேல் மிதக்கிற மாதிரி ஒரு மேடையில் ஏற்ற வேண்டும். இதெல்லாம் அப்போதே எனக்கு அரைகுறையாகத் தெரியும். எனக்காகச் செய்துகொண்டதை அவருக்காகச் செய்ததாகக் கணக்கு எழுதிவிட்டேன்.

இதுகூடப் பரவாயில்லை. அக்கினி நட்சத்திரம் வந்தது. கடலூர் வெயிலும் கடல் காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்து, பத்து நிமிஷத்தில் கையிலிருந்து குச்சி வழுக்கியது. எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம் சார் உடைக்கணும்?” என்றார்.

இந்தப் பக்கம் உடைத்தால் எங்கள் சமையலறை ஜன்னல். வீட்டில் சும்மா விடமாட்டார்கள். நான் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று.

சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் போதும், கோட்டைச் சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நான் வைத்தது பன்னிரண்டு அங்குல ஃபேன்.

சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் தவில்காரர் ஒருவர், பால்ய சிநேகிதர். அவரிடம் ஒருமுறை வீறாப்பாகக் கேட்டிருக்கிறேன்: “உங்க ஊர்ல ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரைன்னா தேர் வர்றப்ப நாலு வீதியும் அதிருது. அங்க யாராவது புகார் சொல்றாங்களா?” அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “சாமி வந்துட்டுப் போயிடும்யா. நீ போக மாட்டியே.”

போன வருஷம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஷெட்டைப் பெருமையாகக் காட்டினேன். ஃபேன் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுவந்த தவிலை மாட்டிக்கொண்டு, வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூட்டைச் செருகினார். “நீ போய் அந்தாண்ட நில்லு” என்றார். திறந்த வீதிக்கென்றே செய்த வாத்தியம் அது. ஷெட்டுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. அவர் கதவைச் சாத்திவிட்டார்.

சந்து சுற்றிப் பக்கத்து வீட்டுப் பின்புறம் போனேன். இத்தனை வருஷத்தில் அங்கே நின்றதே இல்லை. தவிலின் தொப்பிப் பக்கத்தில் விழுந்த ஒவ்வொரு குச்சி அடியும் ஃபேன் ஓட்டை வழியே நேராக வந்து காதில் விழுந்தது. ஓட்டைக்கு எதிரே ஆறடி தூரத்தில் ஒரு ஜன்னல். கம்பிகளுக்குள் ஒரு தலையணையைத் திணித்து, மேலே யூரியா சாக்கை மடித்து ஆணி அடித்திருந்தார்கள். தலையணை உறையில் வரைந்திருந்த வாத்துகள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. குழந்தையின் தலையணை. எத்தனை கோடையாக அந்த ஜன்னல் அப்படி இருந்ததோ.

யாரும் வெளியே வரவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன். அந்த நினைப்பையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த வாரமே ஃபேனைக் கழற்றி, உள்ளேயிருந்தே செங்கல் வைத்து ஓட்டையை அடைத்தேன். டிரம்களுக்கு அதிகச் சத்தம் எழாத வலைத்தோல் மாட்டியாயிற்று. ஆனால் அந்தச் செங்கலுக்கு வெளிப்பூச்சு இன்னும் பாக்கி. மழை பட்டு ஊறுகிறது. அந்தப் பக்கம் நின்றுதான் பூச வேண்டும். அதற்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். ஏன் அடைத்தீர்கள் என்று கேட்பார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கொத்தனாரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.