ரத்தத்தைக் குறை சொல்லும்முன்

மனச்சிதைவு வந்தவரின் வீட்டுக்குப் போனால், "அவங்க பரம்பரையே அப்படித்தான்" என்று அக்கம்பக்கம் சொல்வதைக் கேட்கிறோம். பிறப்பைச் சொல்லி மனிதரை ஒதுக்குவது நமக்குப் பழகிய வாதம். இந்த நோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அது மட்டுமே காரணமல்ல.

1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்குப் போன உணவை ஆக்கிரமிப்பு ஜெர்மானியர் தடுத்தனர். அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம் மனச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. பஞ்சத்தில் கருவானவர்களை அறுபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் மெத்தில் குறிகள் குறைந்திருந்தன. மரபணுவின் எழுத்து அப்படியே இருக்க, அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கும் குறிகள் மாறுவதையே எபிஜெனிடிக்ஸ் என்கிறோம்.

அந்தக் குறிதான் நோயைத் தந்தது என்று நிறுவப்படவில்லை. ஆனால் பசி உடம்பில் தடம் விடுகிறது.

தோழர்களே, இனி யாராவது ரத்தத்தைக் குறை சொன்னால், கருவுற்ற பெண்ணின் தட்டில் சோறில்லாமல் செய்தது யார் என்று கேட்போம்.