கொடுத்துப் பெயர் பெற்ற நகரம்

ஸ்பெயின் தேசத்து மலைகளிலே பிறந்து, போர்ச்சுகலின் பாறைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு மேற்கு நோக்கி ஓடிவரும் டோரு நதி, அட்லாண்டிக் சமுத்திரத்தோடு சங்கமிப்பதற்குச் சற்று முன்னால் செங்குத்தான இரு கரைகளுக்கு நடுவே ஒடுங்குகிற இடத்தில், வடகரையின் கருங்கற் சரிவிலே படிப்படியாக ஏறி நிற்கிறது போர்ட்டோ நகரம். போர்ட்டோ என்றால் துறைமுகம் என்றே பொருள். ரோமானியர் காலத்தில் இத்துறைக்கு வழங்கிய போர்த்துஸ் காலே என்ற பெயரே நாளடைவில் திரிந்து, போர்ச்சுகல் என்று ஒரு தேசம் முழுவதற்கும் நாமதேயமாயிற்று. தன் பெயரைத் தேசத்துக்குத் தானம் செய்துவிட்டு, வெறும் 'துறைமுகம்' என்ற பொதுப் பெயரோடு அமைதியாக வாழ்கிற ஊர் இது.

ஆற்றங்கரையை ஒட்டிய ரிபெய்ராப் பகுதியில் நடந்தால், ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் குறுகிய அடுக்கு வீடுகளையும், பூ வேலைப்பாடமைந்த ஓடுகள் பதித்த முகப்புகளையும், இரும்புக் கிராதிகளில் காற்றாடும் துணிகளையும் காணலாம். இப்பழைய நகர்ப் பகுதியை யுனெஸ்கோ 1996ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. வெளியே எளிய கற்கட்டடமாகத் தோன்றும் சான் பிரான்சிஸ்கு ஆலயம், உள்ளே நுழைந்தவுடன் பொன் முலாம் பூசிய மரச் சிற்பங்களாகக் கொடிவிட்டுப் படர்ந்து கண்ணைப் பறிக்கிறது. நிக்கொலாவ் நசோனி என்ற சிற்பியின் மேற்பார்வையில் 1763இல் பூர்த்தியான கிளேரிகுஸ் கோபுரத்தின் இருநூற்றுக்கு மேற்பட்ட படிகளை மூச்சிரைக்க ஏறினால், செந்நிறக் கூரைகளும் நதியும் கடலும் ஒருங்கே தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிலைத்தது சான் பெந்து ரயில் நிலையம். ஜோர்ஜ் கொலாசு என்ற ஓவியர் தீட்டிய சுமார் இருபதாயிரம் ஓடுகள் அதன் கூடத்துச் சுவர்களை நீலமும் வெண்மையுமாக நிறைத்திருக்கின்றன. அச்சித்திரங்களுள் ஒன்று, 1394இல் இவ்வூரிலேயே பிறந்த ஹென்றி இளவரசர் 1415இல் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூட்டாவைக் கைப்பற்றிய படையெடுப்பைக் காட்டுகிறது. அந்தக் கப்பற்படைக்கு ஊரிலிருந்த நல்ல இறைச்சியையெல்லாம் உப்பிட்டு அனுப்பிவிட்டு, தங்களுக்கென்று குடலை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது ஊரார் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை. அன்று முதல் அவர்களுக்குக் 'குடல் தின்போர்' என்ற பட்டம் ஏற்பட்டது. அதை அவர்கள் இன்றும் பெருமையாகவே சூடிக்கொள்கிறார்கள். குடலையும் வெள்ளை பீன்ஸ் விதைகளையும் மசாலையிட்ட பன்றிக் கொத்திறைச்சியோடு நெடுநேரம் வேகவைத்துச் சோற்றுடன் பரிமாறும் அந்தக் குழம்பு, தியாகத்தின் மிச்சத்திலிருந்து பிறந்த ருசி. கோமெஸ் தெ சா என்ற இவ்வூர்க்காரரின் பெயரால் வழங்கும், உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையும் சேர்ந்த காட் மீன் கருவாட்டுப் பதார்த்தமும், ஜூன் 23ஆம் தேதி இரவு புனித யோவான் திருவிழாவில் தெருவெங்கும் கரியிலே சுடும் மத்தி மீனும் விட்டுவிடக்கூடாதவை.

1886இல் திறக்கப்பட்டு, 172 மீட்டர் அகலத்தை ஒரே இரும்பு வளைவால் தாண்டும் தோம் லூயிஸ் பாலத்தைக் கடந்தால், தென்கரையிலே கையா என்ற தனி நகரம். உலகம் 'போர்ட்' என்று அழைக்கும் திராட்சை மது முதிர்வது இங்கேதான். ஆனால் திராட்சை விளைவதோ நதியின் மேற்பகுதியில், வெயில் கொளுத்தும் மலைச்சரிவுகளில். அப்பிரதேசத்தின் எல்லையைப் பொம்பால் பிரபு 1756லேயே சட்டத்தால் வகுக்கத் தொடங்கினார். பிழிந்த சாறு நொதித்து, அதன் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி கரைந்த தருணத்தில் திராட்சைச் சாராயத்தைச் சேர்க்க, நொதிப்பு நின்று எஞ்சிய இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. அந்த மலைச்சரிவுகளின் வெக்கையில் மது கெடாதிருக்க, சதுரப் பாய் கட்டிய ரபேலு படகுகளில் ஏற்றிக் குளிர்ந்த கடற்காற்று வீசும் கையாவுக்குக் கொண்டுவந்தார்கள். அணைகள் எழுந்தபின் படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. இன்று அவை கரையோரம் அலங்காரமாக மிதக்கின்றன.

கிடங்கினுள் அரையிருளில், கருத்த மர உருளைகள் வரிசை வரிசையாகத் துயில்கின்றன. ஈர மரமும் உலர்ந்த பழமும் கலந்த வாசனை நாசியை நிறைக்கிறது. பல்லாண்டு மரத்தில் கிடந்த மது செம்மை மங்கி, வெல்லப் பாகின் நிறத்தோடு கண்ணாடிக் கிண்ணத்தில் இறங்குகிறது. ஏறத்தாழ 550 லிட்டர் கொள்ளும் அந்த உருளைக்குப் போர்ச்சுகீசியர் 'பீப்பா' என்று பெயர் சொல்லும்போது தமிழன் செவி திடுக்கிடும். நாம் அன்றாடம் சொல்லும் பீப்பாய் அதுவே. ஜன்னலும் சாவியும் மேசையும் அவர்கள் வழியாக நம் மொழிக்கு வந்த சொற்களே.

கொடுத்த ஊருக்குக் கிடைத்த பிரதிபலனும் அபூர்வமானது. பிரேசிலின் முதல் சக்கரவர்த்தியாக இருந்த தோம் பெத்ரோ, தம் மகளின் அரசுரிமைக்காகப் போரிட்டபோது, 1832 முதல் 1833 வரை ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகையைப் பசியோடும் நோயோடும் தாங்கி அவருக்குத் துணை நின்றது இந்நகரம். 1834இல் உயிர் நீத்த அம்மன்னர், தம் இருதயத்தை இவ்வூர் மக்களுக்கே விட்டுச் சென்றார். லாப்பா ஆலயத்தில் அது இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.