ஒரு பக்கம் திறந்தா இத்தனை பேச்சா?

நெட்வொர்க்ல போற தரவுப் பாக்கெட்டுகளைப் பிடிச்சுக் காட்டுற வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு, பிரவுசர்ல ஒரே ஒரு செய்திப் பக்கம் திறந்தேன்.
திரையில பாக்கெட்டுகள் வரி வரியா கொட்டுது!

வெளிர்நீலத்துல டிஎன்எஸ்: "இந்தப் பேருக்கு ஐபி முகவரி என்ன?"ன்னு நம்ம கம்ப்யூட்டர் கேக்குது.
அடுத்து டிசிபி: சாம்பல் நிறத்துல சின், சின்-ஆக்; வெளிர் ஊதாவுல ஆக். மூணே பாக்கெட்ல ரெண்டு மெஷின் கைகுலுக்கிக்குது.
கறுப்புல வந்தா ஏதோ சிக்கல். தொலைஞ்ச பாக்கெட்டைத் திரும்ப அனுப்புறது அதுல ஒண்ணு.

நான் கேட்டது ஒரு பக்கம்.
ஆனா விளம்பரம், கண்காணிப்புன்னு பேரே தெரியாத எத்தனையோ சர்வர்களோட பேச்சு நடக்குது.
எச்டிடிபிஎஸ் உள்ளடக்கத்தை மூடிடுது, சரி.
எந்தத் தளத்துக்குப் போறோம்ங்கிறது சாதாரண டிஎன்எஸ்ல அப்படியே தெரியுதே!

1998ல ஜெரால்ட் கோம்ப்ஸ் இந்த வயர்ஷார்க்கை 'ஈத்தரியல்'ங்கிற பேர்ல வெளியிட்டாரு. 2006ல பேரு மாறுச்சு.
இன்னிக்கும் இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கு. எவ்வளவு பெரிய கொடை!

நம்ம வீட்டு நெட்வொர்க்கை மட்டும் பாருங்க. அடுத்தவங்களோடதுன்னா அனுமதி வேணும்.

பசங்களுக்கு நெட்வொர்க் பாடத்தைப் புத்தகத்துல நடத்துறதுக்கு முன்னாடி, இதை ஒரு மணி நேரம் காட்டினா என்ன?
ஆசிரியர் நண்பர்களே, என்ன சொல்றீங்க?