காலுக்கு ஓய்வு, கண்ணுக்கு இல்லை

காலை நடைக்குக் கடற்கரைச் சாலைக்கு வரும் எங்கள் வயதுக்காரர்களிடம் பேச்சுக்கு மூன்று பொருள்தான் இருந்தது: சர்க்கரை, பென்ஷன், பிள்ளைகள். ஒன்றிரண்டு ஆண்டுகளாக நாலாவதாகக் காரும் சேர்ந்துவிட்டது. புது வண்டி பார்க்கலாமென்று ஷோரூமுக்குப் போனால் அங்கிருக்கும் பையன் முதலில் மைலேஜைச் சொல்வதில்லை. "சார், முன்னாடி போற வண்டியைப் பாத்து இதுவே ஸ்லோ ஆகும், இதுவே ஸ்பீடு எடுக்கும். நீங்க ஸ்டியரிங்கைப் புடிச்சா போதும்" என்கிறான்.

இதற்குப் பெயர் அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல். பெரும்பாலும் விலை கூடிய மாடலில்தான் வருகிறது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். நானும் ஆறு மாதமாக அந்தக் கேள்வியோடு இருந்தவன் என்பதால், யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு வயது 74. இன்னும் நானே கார் ஓட்டுகிறேன். நம் நாட்டில் 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தை ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பிப்பார்கள். மருத்துவர் சான்றும் வேண்டும். எனக்கு அதில் சிக்கல் இல்லை. வலது முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. என் மனைவிக்குக் கண்நீர் அழுத்த நோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். போக 150, வர 150 கிலோமீட்டர். திரும்பி வரும்போது முழங்கால் கெஞ்சும்.

மகள் பிரான்சில், லியோனில் இருக்கிறாள். மருமகன் வீடு பழைய சொல்தா குடும்பம். வாரம் தவறாமல் போன் செய்து, "அப்பா, ஒண்ணு ஓட்டறதை விடுங்க, இல்லாட்டி எங்க வண்டி மாதிரி ஒண்ணு வாங்குங்க. அம்மாவும் கூட வர்றாங்க இல்ல?" என்பாள். கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் கிடையாது.

முதலில் இந்தக் கருவியின் கதை. சாதாரண குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். சிறு வயதிலேயே விபத்தில் இரண்டு கண்ணும் போனவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், கேட்டால் கூட்டுவாராம். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சலித்துப்போய்த்தான் வேகத்தை ஒரே சீராக வைக்க ஒரு கருவி செய்ய நினைத்தார் என்று சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் அதை வைத்தது.

அந்தப் பழைய கருவிக்கு முன்னால் யார் போகிறார்கள் என்று தெரியாது. 80 என்று வைத்தால் 80தான். 1995இல் ஜப்பானின் மிட்சுபிஷி லேசர் ஒளியால் முன்வண்டியின் தூரத்தை அளக்கும் கருவியைக் கொண்டுவந்தது. அது ஆக்சிலேட்டரையும் கியரையும் குறைக்கும், பிரேக் போடாது. 1990களின் கடைசியில் மெர்சிடிஸ் பென்ஸ் ரேடாரை வைத்து, பிரேக்கும் போடும்படி செய்தது. நம் நாட்டில் 2020, 2021 வாக்கில் எம்.ஜி. குளோஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யூவி 700 போன்ற வண்டிகளோடு இது பரவலாகப் பேசப்பட்டது. பிறகு அவற்றைவிடச் சிறிய கார்களிலும் வந்துவிட்டது.

பிரெஞ்சில் இதை "ரெகுலாத்தர் தெ வித்தெஸ் அதப்தாத்திஃப்" என்பார்கள். 'ரெகுலாத்தர்' என்றால் சீராக்குவது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு அந்தச் சொல்லிலேயே பொருள் விளங்கிவிடும். சீராக்கும் வேலைதான் அதற்கு. ஓட்டும் வேலை நம்முடையது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது லியோனிலிருந்து மார்செய்க்கு ஏ7 நெடுஞ்சாலையில் அழைத்துப் போனார்கள். சுமார் 310 கிலோமீட்டர். அங்கே உச்ச வேகம் 130; மழை பெய்தால் 110. மருமகன் பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிட்டார். முன்னால் லாரி வந்தால் கார் தானாகத் தணிந்தது. இடது தடத்துக்கு மாறியதும் தானாக வேகம் பிடித்தது. மூன்று மணி நேரத்தில் அவர் பிரேக்கை மிதித்தது ஏழெட்டு முறை இருக்கும்.

அங்கே அது ஏன் அவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி தூரம் வேண்டும் என்பது அங்கே சட்டம். 130 வேகத்தில் இரண்டு விநாடி என்றால் 72 மீட்டர். அதை நினைவூட்ட நெடுஞ்சாலையோரம் பலகை வைத்திருக்கிறார்கள்: "அன் த்ரே, தான்ஜே, தெ த்ரே, செக்யூரிதே". ஓரத்தில் போட்ட கோடுகளில் ஒன்று மட்டும் இடையில் இருந்தால் ஆபத்து, இரண்டு இருந்தால் பாதுகாப்பு என்று பொருள். மெதுவாகப் போகிறவர் வலது ஓரத்தில் போகிறார். முந்துகிறவர் இடது பக்கமாகவே முந்துகிறார். மாடு இல்லை, சைக்கிள் இல்லை, எதிர்த்திசையில் வருகிற மோட்டார் சைக்கிள் இல்லை. அங்கே அந்தக் கருவிக்குத் துணையாகச் சாலையில் இருக்கும் அத்தனை பேரும் வேலை செய்கிறார்கள்.

இனி நம் ஊர். என்னோடு கருவூலத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன வருடம் இந்த வசதியுள்ள கார் வாங்கினார். "வாங்க, நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்தார். திண்டிவனம் நான்கு வழிச்சாலையில் கிளம்பினோம். மொரட்டாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் வேகத்தை 80இல் வைத்தேன். கிளியனூர் வரைக்கும் சுகமாக இருந்தது. முழங்கால் நன்றி சொன்னது.

அதற்குப் பிறகு அது நம் ஊர்க்காரர்களைச் சந்திக்க ஆரம்பித்தது. 80 வேகத்தில் இரண்டு விநாடி என்றால் 44 மீட்டர். நம் சாலையில் 44 மீட்டர் காலி இடம் என்பது காலி மனை மாதிரி. யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இடதுபக்கமிருந்து ஒரு வேன் நுழைந்தது. கார் பிரேக் போட்டது. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. வேன் போனதும் இரண்டு பேர் போகும் ஸ்கூட்டர். மறுபடி பிரேக். வலது தடத்தில் கரும்பு லோடு டிராக்டர் ஊர்ந்தது. கார் பொறுமையாக அதன் பின்னாலேயே ஊர்ந்தது. நான் ஓட்டியிருந்தால் டிராக்டரை அரைக் கிலோமீட்டர் முன்பே பார்த்து ஒதுங்கியிருப்பேன். நடுத்திட்டின் இடைவெளியில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அம்மா சாலையைக் கடக்க நின்றார். அவர் இறங்கப் போகிறார் என்று அவர் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. கருவிக்கு அது தெரியாது. அங்கே நானே பிரேக்கை மிதித்தேன்.

இதற்குக் காரணம் உண்டு. ரேடார் ஓர் அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து முன்வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. பலகை, பாலம், கைப்பிடிச் சுவர் எல்லாமும் அலையைத் திருப்பி அனுப்பும். அவற்றுக்கெல்லாம் பிரேக் போட்டால் கார் நகராது. ஆகவே நின்றுகொண்டிருக்கும் பொருள்கள் பலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடும்படி அமைத்திருப்பார்கள். நின்றுகிடக்கும் வாகனத்தை இந்தக் கருவி கண்டுகொள்ளாமல் போகலாம் என்று பல கார்களின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. இப்போது கேமராவும் சேர்ந்து வேலை செய்வதால் நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் இரவில் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி நமக்குத் தினசரிச் செய்தி. அந்த இடத்தில் இதை நம்பிக் கண் அசர முடியாது. கனமழையிலும் பனிமூட்டத்திலும் சேறு அப்பினாலும் அது கைவிரித்துவிடும்.

மரக்காணம் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஊர்களும் வளைவுகளும் உள்ள இடங்களில், இதைப் போடவே கூடாது என்பது என் எண்ணம். நேரு வீதியில் இதற்கு வேலையே இல்லை.

அப்படியானால் வீண் பணமா? எல்லோருக்கும் அல்ல. அந்த நண்பர் வாரந்தோறும் திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் போகிறவர். விடிகாலை நாலரைக்குக் கிளம்புவார். நடுத்திட்டு உள்ள சாலை, கூட்டம் குறைந்த நேரம், ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. அவருக்கு அது கொடுத்த காசுக்கு உழைக்கிறது.

என் கணக்கு வேறு. முப்பத்தைந்து வருடம் கூட்டிக் கழித்துப் பிழைத்தவன், இதையும் காகிதத்தில் போட்டேன். நான் பார்த்த வண்டியில் இந்த வசதி உள்ள மாடலுக்குக் கூடுதலாக இரண்டரை லட்சம். அதை வங்கியில் போட்டால் நூற்றுக்கு ஏழு வட்டியில் வருடத்துக்கு 17,500 ரூபாய். சென்னைக்கு ஒரு நாள் போய்வரத் தெரிந்த டிரைவர் ஒருவர் 1,800 ரூபாய் கேட்கிறார். வருடத்துக்கு நாலு முறை என்றால் 7,200. வட்டியில் பாதிகூட ஆகவில்லை.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஓட்டுவதை இன்னொருவர் கையில் கொடுப்பது என்பது நம் வயதில் வெறும் பணக் கணக்கு இல்லையே. மனைவியிடம் கேட்டேன். "நீங்க ஓட்டினா வழியெல்லாம் ரோட்டையே பாக்கறீங்க. நான் பேசினா 'உஷ்'ங்கறீங்க. எனக்கு ஓரத்துல வர்றது சரியா தெரியறது இல்ல. டிரைவர் ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டு வாங்க" என்றாள்.

கண்நீர் அழுத்த நோயில் முதலில் குறைவது ஓரப் பார்வை. அவளுக்கு மரக்காணத்து உப்பளங்களைப் பார்ப்பதில் ஒரு பிரியம். இத்தனை நாளும் அவற்றை ஓரக்கண்ணால் தாண்டிப் போயிருக்கிறேன். கடந்த இரண்டு பயணமும் பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்து போனோம். உப்பு குவித்திருக்கிறார்களா, கொக்கு நிற்கிறதா என்று சொல்லிக்கொண்டு போனேன். ஊருக்குள் இன்னும் நானேதான் ஓட்டுகிறேன். மகளுக்கும் திருப்தி.

புது வண்டி வாங்கப் போகும் நண்பர்கள் கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, முன்வண்டி முழுக்க நின்றால் இதுவும் முழுக்க நிற்குமா, அல்லது குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே தானாக அணைந்துவிடுமா? சில வண்டிகளில், முக்கியமாகக் கையால் கியர் போடும் வண்டிகளில், அணைந்துவிடும். இரண்டு, முன்பம்பரோ முன்கண்ணாடியோ மாற்றினால் ரேடாரையும் கேமராவையும் மறுபடி அளவு சரிசெய்ய என்ன செலவு, இன்சூரன்ஸ் ஏற்குமா? மூன்று, தானியங்கி அவசர பிரேக் இதோடுதான் வருமா, தனியாகவும் கிடைக்குமா? எனக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முன்னதைவிட அவசர பிரேக்கைத்தான் எடுப்பேன். அது தினமும் வேலை செய்யாது. நாம் தாமதித்த ஒரு நாள் வேலை செய்தால் போதும்.

பையில் பணம் மிஞ்சினால் நல்ல டயர் போடுங்கள், முகப்பு விளக்கைச் சரிபாருங்கள். அதற்கும் முன்னால், கண்புரை இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நம் வயதில் அதற்கு ஈடான கருவியை எந்த ஷோரூமிலும் விற்கவில்லை.