புள்ளிக்கணக்கில் ஒரு குடித்தனம்

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே விண்ணப்பித்தாலும் முதன்மை விண்ணப்பதாரர் ஒருவர்தான். மற்றவர் உடன் செல்லும் துணை. 2015 ஜனவரியில் தொடங்கிய இந்த முறையில் ஆளுக்கு உச்சபட்சம் 1200 புள்ளி. அதில் வயது, படிப்பு, மொழி, கனடாவில் வேலை பார்த்த அனுபவம் ஆகியவற்றுக்கு உரிய 500 புள்ளி தனியாளாகப் போகிறவருக்கு முழுதாக உண்டு. துணையோடு போகிறவருக்கு 460. மீதி 40 துணையின் படிப்புக்கும் மொழிக்கும் அனுபவத்துக்கும். யார் பெயரில் போட்டால் கூடுதலாக வரும் என்று இரண்டு விதமாகவும் கூட்டிப் பார்ப்பதுதான் சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு தம்பதியின் முதல் வேலை.

கூட்டல் எளிது. ஆனால் வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி ஒன்று அதனால் எழுந்துவிடுகிறது. கணவன்தான் அழைத்துப்போகிறான் என்று இரு வீட்டாரும் நினைத்திருக்க, மனைவி பெயரில் போட்டால்தான் எண் கூடுகிறது என்று தெரியவரும். துணையோடு போகிறவருக்கு 29 வயதுவரை வயதுக்கு 100 புள்ளி; 30 ஆனதும் 95; அதிலிருந்து 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளும் 5 புள்ளியை எடுத்துக்கொண்டு போகும்; 45-இல் ஒன்றும் மிஞ்சாது. பெண் நான்கைந்து வயது இளையவளாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம், ஒட்டாவாவின் கணக்கில் பெண்ணுக்கே சாதகமாகத் திரும்புவது வேடிக்கைதான். புள்ளி குறைந்துகொண்டே போகும் ஆண்டுகளில் அந்த வீட்டில் பிறந்தநாளுக்குப் பெரிய உற்சாகம் இருப்பதில்லை.

யார் முதன்மை என்பதை எண்ணே முடிவு செய்துவிடும். அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு பேச்சு. உண்மையில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தபின் இருவருக்கும் உரிமை ஒன்றுதான். துணையாகப் போனவரும் இறங்கிய மறுநாளே வேலை தேடலாம். அமெரிக்காவுக்கு எச்-4 விசாவில் போகும் மனைவிக்கு அந்த வசதி இல்லை. கணவனின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தை எட்டினால்தான் அவள் வேலை அனுமதி கேட்க முடியும். அந்தச் சலுகையும் 2015 மே மாதத்தில்தான் வந்தது. இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில் கனடாவின் பேச்சு அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது மொழித் தேர்வு. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டலுக்கு 8, மற்ற மூன்றுக்கும் 7 எடுத்தால் புள்ளி சட்டென்று ஏறும், எழுத்தில் 6.5-இல் நின்றுபோனால் மறுபடி பணம் கட்ட வேண்டியதுதான். துணையும் எழுதினால் 20 புள்ளிவரை சேரும் என்பதால் இருவரும் படிக்கிறார்கள். கணவன் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருவதில் உள்ள ஆபத்து, ஒருவரை ஒருவர் பேச்சுத் தேர்வுக்குப் பழக்குவதிலும் உண்டு. இரண்டு நிமிடம்வரை நிறுத்தாமல் பேச வேண்டும், கேட்பவர் குறுக்கிடக் கூடாது என்பது விதி. கல்யாணமாகிப் பல வருடம் ஆன வீட்டில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது ஆங்கிலத்தைவிடக் கடினம்.

பிறகு காகிதம். எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2009-இல் சட்டம் வந்தது. மண்டபம் நிறைய ஆள் பார்க்க நடந்த கல்யாணத்துக்குச் சார்பதிவாளர் கையெழுத்தும் வேண்டும் என்பது பலருக்கு உறைப்பது வெளிநாட்டுப் பேச்சு எழுந்த பிறகுதான். பத்திரிகை ஒன்றாவது மிச்சமிருக்கிறதா என்று அம்மா வீட்டுப் பரண் புரட்டப்படும். பெயர்ச் சிக்கல் இன்னொன்று. ஊரில் இனிஷியலோடு முடிந்துபோகிற விஷயத்துக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கணவனுக்கு அவன் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், குழந்தைக்குக் கணவன் பெயர்: மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மனைவியின் பெயரை மாற்றப் புறப்பட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டம்வரை எதுவும் ஒத்துப்போகாது. மாற்றாமல் விட்டுவிட்டு, திருமணச் சான்றிதழையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் கைவசம் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

இந்தக் காகிதங்களில் குடித்தனத்தை அதிகம் கிளறுவது பத்தாண்டு வரலாறு. கடந்த 10 ஆண்டில் என்ன செய்தார், எங்கே குடியிருந்தார், எந்தெந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்று ஒவ்வொருவரும் மாதம் விடாமல் எழுத வேண்டும். இடைவெளி இருந்தால் கேள்வி வரும். பிரசவத்துக்குப் பின் வேலையை விட்ட மனைவி, குழந்தையைத் தூக்கி வளர்த்த மாதங்களுக்கு எதிரே வேலையில் இல்லை என்று தன் கையாலேயே நிரப்புகிறாள். யாருக்காக விட்டேன் என்ற பழைய பேச்சு அன்று ராத்திரி மறுபடி தொடங்கும். பெண் பார்க்கப் போனபோது கணவன் வீட்டார் சொல்லாமல் விட்ட நாலு மாத வேலையின்மையும் இந்தப் படிவத்தில்தான் வெளியே வருகிறது. எதையும் மறைக்கவும் முடியாது: தவறான தகவல் தந்ததாக முடிவானால் 5 ஆண்டு விண்ணப்பிக்கவே தடை. கணவன் மனைவிக்குள் சொல்லாமல் விட்டதை எல்லாம் ஓர் அந்நிய அரசாங்கம் தேதி போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. சண்டைதான் வரும், இருந்தாலும் இந்த ஒரு வேலையை ஏஜென்ட்டிடம் விடாமல் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்வது நல்லது.

பணம் காட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. கனடாவில் வேலை கைவசம் இல்லாமல் போகிறவர்கள் குடியேற்றச் செலவுக்கான தொகையைக் காட்ட வேண்டும். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. 6 மாதச் சராசரி இருப்பை வங்கி எழுதித்தர வேண்டும். குறைவதைப் பெண்ணின் அப்பா போட்டால், இது அன்பளிப்பு, திருப்பித்தர வேண்டியதில்லை என்று அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கைமாற்றாகக் கேட்டது எழுத்தில் அன்பளிப்பாகிவிடுகிறது. மாப்பிள்ளை அதைத் திருப்பித் தருவாரா என்று மாமியார் கேட்பதில்லை. மகள்தான் இரண்டு பக்கமும் கணக்கு வைத்துக்கொள்கிறாள்.

புள்ளி போதுமென்றாகி விண்ணப்பிக்க அழைப்பு வந்ததும் 60 நாளில் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும். போலீஸ் சான்றிதழ், மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் வேகமாக நடந்துவிடும். அதன்பின் காத்திருப்பு. 6 மாதத்தில் முடிப்பதே அரசின் இலக்கு, இலக்குதான். கண் பட்டுவிடும் என்று யாருக்கும் சொல்லாத காலம் இது. ஃபிரிட்ஜ் பழுதானால் புதிது வாங்குவதா, ஓட்டுவதா? பிள்ளைக்கு அடுத்த வருடப் பள்ளிக் கட்டணம் கட்டுவதா? மெத்தை குழிந்துபோய்விட்டது, போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது குழந்தை பற்றிய பேச்சும் இதே வரிசையில் தள்ளிப்போகிறது. நடுவில் கர்ப்பமானால் எக்ஸ்ரேயிலிருந்து எல்லாமே தாமதமாகும் என்பதால். பாதி வீட்டைத் தற்காலிகமாக நடத்துவது செலவைக் குறைக்கும், பொறுமையையும் குறைக்கும். இந்த மாதங்களில் நடக்கும் சண்டைகளில் நாட்டைப் பற்றியது குறைவு, காத்திருப்பைப் பற்றியதே அதிகம். ஆனால் ஊருக்கே தெரியாத ஒன்றை இருவர் மட்டும் வைத்துக்கொண்டிருப்பதில் ஒரு நெருக்கமும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் அது அரிதாகக் கிடைப்பது.

விசா வந்துவிட்டால் நாள் குறைவாகத்தான் இருக்கும். நுழைய வேண்டிய கடைசித் தேதி பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையிலிருந்து 12 மாதத்துக்குள் அமையும். அதில் பாதி ஏற்கெனவே கரைந்திருக்கும். முதன்மை விண்ணப்பதாரர் முதலில் அல்லது சேர்ந்து இறங்க வேண்டும் என்பதால், நான் முன்னே போய் வீடு பார்க்கிறேன் என்று துணையாகப் போகும் கணவன் சொல்ல முடியாது. வீட்டைக் காலி செய்வதில் முதல் வாக்குவாதம் வாடகை அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது; பழைய பத்து மாத அட்வான்ஸில் குடியேறியவர்கள் பெயின்ட் செலவுபோக மீதியை வாங்க நடையாய் நடப்பார்கள். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டை வாங்குவது, சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுவது, ஸ்கூட்டரை விற்பது எல்லாம் ஆளுக்குப் பாதியாகப் பிரியும். லாக்கர் மட்டும் பிரியாது: கூட்டாக யார் பெயரைச் சேர்ப்பது, அவள் அம்மாவா, அவன் அம்மாவா?

எடுத்துப்போகும் நகைக்கும் வேலை உண்டு. முதல்முறை நுழையும்போது கொண்டுவந்த பொருள்களுக்கும், பின்னால் வரப்போகும் பொருள்களுக்கும் மதிப்போடு பட்டியல் கொடுத்தால்தான் பிறகு சுங்கவரி இல்லாமல் கொண்டுபோகலாம். நகைக்குப் படமும் வைத்திருப்பது நல்லது. தாலிக்கொடியிலிருந்து குழந்தையின் கொலுசுவரை மேசைமேல் பரப்பிப் படம் எடுக்கிறார்கள். யார் போட்ட நகை எது என்பது அப்போது ஒருமுறை நினைவுக்கு வரும்.

பெட்டி கட்டுவதுதான் எல்லோரும் கதையாகச் சொல்வது. பெரும்பாலான விமானங்களில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. இட்லித் தட்டும் குக்கரும் ஏறும். 230 வோல்ட் மிக்ஸி அங்கே 120 வோல்ட்டில் ஓடாது. அதற்கென்று தனியாக விற்கும் 110 வோல்ட் மிக்ஸியை வாங்கிக்கொள்வார்கள். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் இரண்டு அம்மாக்களும் தனித்தனியாகச் செய்து தருவதால் எதை விட்டுவிட்டுப் போவது என்பது மறுபடி தாலிகட்டிய நாளின் அரசியல். 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர் பெருமளவில் குடியேறிய டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இவை எல்லாம் கடையிலேயே கிடைக்கும் என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. தூக்குத் தராசில் மாட்டும்போது கூடும் ஒன்றரைக் கிலோவுக்காகக் கணவனின் புத்தகங்கள் முதலில் வெளியே வரும்.

கடைசிப் பத்து நாள் குலதெய்வம் கோவிலுக்கும் இரண்டு பெற்றோர் வீட்டுக்கும் பங்காகிறது. கடைசி இரவு எந்த வீட்டில் என்பதில் விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. விமான நிலையத்துக்குப் பக்கமான வீடு என்று பொதுக் காரணம் சொல்லி முடிவு செய்வார்கள். சென்னையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகே புறப்படுவதால், அந்த வீட்டில் அன்று யாரும் படுப்பதில்லை.